சேமிப்பு மக்காச்சோளத்தில் பெரிய தானியத் துளைப்பான்: ஆப்பிரிக்க அனுபவமும் மேலாண்மை நெறிகளும்

முன்னுரை

கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு உழவர்களின் முதன்மை உணவு மக்காச்சோளமாகும். அறுவடைக்குப் பின் கதிர்களை மேலுறையோடு பரணிலும் களஞ்சியத்திலும் அடுக்கி வைப்பது அவர்களிடையே பரவலாக நிலவிய வழக்கம். இறுக்கமான மேலுறை கூன்வண்டின் நுழைவை ஓரளவு தடுத்தது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பெரிய தானியத் துளைப்பான் 1970களின் இறுதியில் தான்சானியாவில் நுழைந்தபின் இந்நிலை மாறியது. 1980களில் இது டோகோவிலும் காணப்பட்டது.

பூச்சியின் இயல்பு

கூன்வண்டு மணிக்குள் முட்டையிட்டுப் பசைப்பொருளால் துளையை மூடுகிறது. துளைப்பானோ மணிகளைக் குடைந்து மாவாக்குகிறது. கதிரில் மணிகள் அசையாது பொருந்தியிருப்பதால் அதற்குத் துளையிடுதல் எளிதாகிறது. நன்கு உலர்ந்த தானியத்திலும் அது பெருகவல்லது. தான்சானியாவில் சில மாதச் சேமிப்பிலேயே 30 விழுக்காட்டுக்கு மேல் எடையிழப்பு பதிவாயிற்று. உழவருக்கு இவ்விழப்பு அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களின் உணவு இழப்பாகும்.

மேலாண்மை முறைகள்

கதிராகச் சேமிக்கும் வழக்கத்தை விடுத்து, மணிகளை உதிர்த்து, உலர்த்தி, மருந்துத்தூள் கலந்து வைக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. பிரிமிபாஸ்-மெத்தில் கூன்வண்டை நன்கு கட்டுப்படுத்தினும் துளைப்பானிடம் போதிய பயன் தரவில்லை. பெர்மெத்ரின் துளைப்பானுக்கு ஏற்றது. இரு பூச்சிகளும் ஒரே களஞ்சியத்தில் வாழ்வதால் இரு மருந்துகளின் கலவை தேவைப்பட்டது.

துளைப்பான் காட்டு மரங்களிலும் வாழ்வதால் களஞ்சியத் தூய்மை மட்டும் மறுதாக்குதலைத் தடுப்பதில்லை. எனவே அதன் இயற்கை எதிரியான டெரெட்ரியஸ் நைக்ரெசென்ஸ் என்னும் இரைவிழுங்கி வண்டு 1991இல் டோகோவில் விடப்பட்டது. ஆண் துளைப்பான் வெளியிடும் இனக்கவர்ச்சி மணமே இவ்வண்டை இரையிடம் ஈர்க்கிறது. ஆயினும் அதன் பயன் இடத்திற்கு இடம் வேறுபட்டது.

காற்றுப்புகாப் பைகளில் தானியமும் பூச்சிகளும் சுவாசிப்பதால் உயிர்வளி குறைகிறது. பூச்சிகள் உண்பதை நிறுத்தி மடிகின்றன. இம்முறைக்கு நச்சுமருந்து தேவையில்லை. ஆனால் தானியம் முன்னரே நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் பூஞ்சை தோன்றும். துளைப்பான் நெகிழி உறையையும் குடையக்கூடும். ஆதலால் தாக்குதல் மிகுவதற்கு முன்னரே பையை இறுகக் கட்டுதல் இன்றியமையாதது.

முடிவுரை

ஒரு பூச்சிக்கு ஏற்ற சேமிப்பு முறை மற்றொன்றுக்கு வாய்ப்பாகலாம் என்பதை இவ்வனுபவம் காட்டுகிறது. ஆகவே, களஞ்சியத்தில் உள்ள பூச்சியினத்தைச் சரியாக இனங்காண்பதே மேலாண்மையின் முதற்படியாகும்.