முதலுதவி

துன்பம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அடுப்படியில் நிற்பவர் ஆடையில் தீப்பற்றுவதும், வரப்பில் நடப்பவரைப் பாம்பு தீண்டுவதும், கிணற்றில் குளிக்கும் சிறுவன் மூழ்குவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. மருத்துவரோ தொலைவில் இருப்பார். அவரிடம் கொண்டு சேர்ப்பதற்குள் சில நிமிடங்கள் கழிந்துவிடும். உயிர் நிற்பதும் நீங்குவதும் பல வேளைகளில் அச்சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. அந்நேரத்தில் அருகில் இருப்பவர் முறையறிந்து செய்யும் உதவியே முதலுதவி எனப்படும்.

உதவுவதற்கு இரக்கம் இருந்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். இரக்கம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 1859-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் சால்பெரினோ என்னும் இடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. காயமுற்ற பல்லாயிரவர் கேட்பாரற்றுக் கிடந்தனர். வணிகத்தின் பொருட்டு அப்பக்கம் சென்றிருந்த ஹென்றி டுனாண்ட் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர், ஊர்மக்களைத் திரட்டி, இன்ன நாட்டார் என்று பாராமல் அனைவருக்கும் நீர் அளித்துக் காயங்களைக் கட்டினார். அன்புள்ளம் படைத்தோர் பலர் இருந்தும், பழகிய கைகள் மிகச் சிலவே இருந்தமை அவரை வருத்தியது. போர்க்காலத்தில் உதவுவோர் அமைதிக் காலத்திலேயே பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்று, 1862-இல் தாம் வெளியிட்ட நூலில் அவர் வற்புறுத்தினார். மறு ஆண்டு செஞ்சிலுவை இயக்கம் தோன்றுதற்கு அந்நூலே வித்தாயிற்று.

முறையறியா உதவி சில வேளைகளில் தீங்காகவும் முடியும். தீப்பட்ட இடத்தில் மையும், மாவும், காப்பித் தூளும் அப்புவோர் உளர். அவை புண்ணில் கிருமிகள் சேர இடந்தரும். அவ்விடத்தின்மேல் குளிர்ந்த தூய நீரை 20 நிமிடம் ஓடவிடுதலே தக்கது. பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் கூடா. இறுகக் கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டு அவ்வுறுப்பே அழுகக்கூடும். கடியுண்டவருக்கு ஆறுதல் கூறி, அவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்லுதல் வேண்டும். வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. பற்களுக்கிடையே எதனையும் வைத்தலும் ஆகாது. தலையில் அடிபடாமல் காத்து, வலிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தலே முறை. குருதி பெருகும் காயத்தின்மேல் தூய துணியை வைத்து விடாமல் அழுத்துக. துணி நனைந்துவிட்டால் அதனை எடுத்துவிடாமல் மேலும் ஒரு துணியை வைத்து அழுத்துக.

இவையனைத்தினும் மிக்க விரைவு வேண்டுவது இதயம் நின்றுவிட்ட நிலையாகும். ஒருவர் திடீரெனச் சாய்கிறார். தோளைத் தட்டி அழைத்தாலும் விழிக்கவில்லை. மூச்சு இல்லை, அல்லது திணறித் திணறி வருகிறது. குருதி செல்லாவிடில் மூளை நான்கைந்து நிமிடங்களுக்குள் கெடத் தொடங்கும். நின்றுபோன இதயத்தின் வேலையை வெளியிலிருந்தே கைகளால் செய்விக்கலாம் என்பதை, 1960-இல் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர் உலகுக்கு எடுத்துக் காட்டினர். அவருள் கூவன்ஹோவன் மின்பொறியாளர் ஆவார்.

அம்முறை எளியது. முதலில் 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வாயிலாகச் செய்தி அறிவிக்கச் செய்க. சாய்ந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாந்து கிடத்துக. மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றொரு கையை வைத்திடுக. முழங்கை மடங்காமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டருக்கு மிகாமலும் அழுத்துக. அழுத்துந்தோறும் குருதி இதயத்தினின்று வெளியே தள்ளப்படும். கையைத் தளர்த்துந்தோறும் மீண்டும் நிரம்பும். ஆதலால் ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் நிமிர இடங்கொடுத்தல் வேண்டும். பயிற்சி பெற்றவர், 30 முறை அழுத்தியபின் 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சளிப்பர். பயிற்சி இல்லாதவர் அழுத்துதலை மட்டும் இடைவிடாது செய்யலாம். இவ்வளவும் வளர்ந்தவர்க்கு உரியவை; குழந்தைகளுக்குரிய முறையைப் பயிற்சியில் தனியே கற்றல் வேண்டும். நீரில் மூழ்கியவர்க்கு மூச்சளித்தல் மிகவும் இன்றியமையாதது. அவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுதலும், வயிற்றை அழுத்துதலும் காலத்தை வீணாக்கும் செயல்கள்.

இவ்வாறு முயன்றால் எல்லாரும் பிழைப்பர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்றும் செய்யாது நின்றால், அவர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடந்தோறும் குறைந்துகொண்டே போகும்.

இக்கலையை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது. கையால் பழகுதல் வேண்டும். உயிரோடிருக்கும் தோழன் மார்பில் அழுத்திப் பழகுவதோ தீங்கு தரும். இக்குறையை நீக்க, நார்வே நாட்டில் பொம்மை செய்து விற்றுவந்த ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர் 1960-இல் மனித அளவில் ஒரு பாவையைச் செய்தளித்தார். அத்தகைய பாவைகளைக் கொண்டே இன்றும் உலகெங்கும் மாணவர் பயில்கின்றனர்.

வீதியில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொட்டால் வழக்கில் சிக்க நேருமோ என்று அஞ்சி விலகுவோரும் உண்டு. அவ்வச்சம் இனி வேண்டுவதில்லை. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தம் பெயரைக் கூறுமாறு அவரை எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

முதலுதவி மருத்துவத்திற்கு ஈடாகாது. மருத்துவர் கைக்கு உயிரை ஒப்படைக்கும் வரை அதனைக் காத்து நிற்பதே அதன் கடமை. மாணவர்களே! வெள்ளம் வந்தபின் நீந்தக் கற்க இயலாது. பள்ளியில் சாரணர் இயக்கமும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் இப்பயிற்சியை அளிக்கும்போது ஆர்வத்தோடு சேர்ந்து பழகுங்கள். என்றோ ஒருநாள், உங்கள் தந்தையாரோ, வழிப்போக்கர் ஒருவரோ உங்கள் முன் சாயக்கூடும். அன்று உங்கள் கைகள் கற்றிருப்பதே அவருக்குத் துணையாகும்.