தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோய்

இரைப்பையின் உட்சுவரில் தோன்றிய புற்று, தசை அடுக்கை எட்டாமல் மேல் அடுக்குகளிலேயே நிற்கும் நிலை தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோய் எனப்படும். ஜப்பானிய மருத்துவர்கள் 1962இல் வகுத்த வரையறை இது. இந்நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்வதை அந்நாட்டு அனுபவம் காட்டுகிறது. நம் நாட்டிலோ பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகின்றனர்.

காரணம், தொடக்கத்தில் இந்நோய்க்கென்று தனி அறிகுறி இல்லை. இருந்தாலும் அது வெறும் வயிற்றெரிச்சலாகவே தெரியும். ஆரணி போன்ற நெசவூர்களில் தறியில் உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது வழக்கம். வயிறு எரிந்தால், "வேளைக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர்" என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வேளை தவறிய உணவு புற்றுநோயை உண்டாக்குவதாகச் சான்று இல்லை. ஆனால் இப்படி ஒரு காரணம் தயாராக இருப்பதால் வேறு காரணம் தேடப்படுவதில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப்புண்ணின் வலியையும் சில காலம் தணித்துவிடும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி விடாமல் நீடிக்கும் அஜீரணத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை குறைதல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், விழுங்குவதில் சிரமம், இரத்தசோகை, கறுப்பு மலம் ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.)

வயிற்று ஸ்கேனில் தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் தெரியாது. எண்டோஸ்கோபிதான் உரிய பரிசோதனை. வெறும் வயிற்றில், தொண்டையை மரத்துப்போகச் செய்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். ஐயமுள்ள இடத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஆரணி மக்களுக்கு வேலூர் சி.எம்.சி. அருகில் உள்ளது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனையும், சென்னை அடையாற்றில் 1954இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையமும் உள்ளன.

தடுப்பில் முதலிடம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமிக்கு. இதைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி உள்ள எல்லோருக்கும் புற்று வருவதில்லை. எனினும் பரிசோதனையில் தெரியவந்தால் மருத்துவர் தரும் மாத்திரைகளை, வழக்கமாகப் பதினான்கு நாள், முழுமையாகச் சாப்பிட வேண்டும். எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். புகைபிடித்தலும், கருவாடு, ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்த உணவை அளவின்றி உண்பதும் ஆபத்தைக் கூட்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுவது நல்லது.

புற்று மேலடுக்கில் மட்டும் இருந்தால், வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே செதுக்கி எடுக்க முடியும். இரைப்பை அப்படியே தங்கும். சற்று ஆழமாகியிருந்தால் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளோடு அகற்றுவர். முழுவதும் அகற்றப்பட்டவர்கள் சிறிது சிறிதாகப் பல வேளை உண்ண வேண்டும். வைட்டமின் பி12 ஊசியும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும்.