இன்ஜின் இல்லாத விமானத்துக்கு எதுக்கு ரிப்பேர்?

போன வாரம் மணிமுத்தாறு அணைக்குக் கீழே ஒரு டீக்கடையில உட்கார்ந்திருந்தேன். நல்ல உச்சி வெயில். அணைக்கு மேலே நாலஞ்சு பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டம் போட்டு மேலே போய்க்கிட்டிருந்தது. சூடான தரையிலிருந்து கிளம்புற காத்து அதுகளைத் தூக்கிவிடுது. பக்கத்துல லோடு ஆட்டோ ஓட்டுற அண்ணாச்சி ஒருத்தர். "கிளைடர்னு ஒரு விமானம் இருக்கு அண்ணாச்சி, இதே மாதிரிதான், இன்ஜின் கிடையாது"ன்னு பேச்சு வாக்கில் சொன்னேன். அதுக்கும் வருஷா வருஷம் சோதனை உண்டு, திடீர்னு உத்தரவு வந்தா பறக்கவே விடமாட்டாங்கன்னும் சொன்னேன்.

அவர் சிரிச்சார். "இன்ஜினே இல்லேங்கிய. ஆயில் மாத்தாண்டாம், பிளக் மாத்தாண்டாம். பெறவு என்னத்தத் தம்பி பழுது பாக்க?"

நியாயமான கேள்வி. அங்கே அரைகுறையாத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளை எடுத்து, கொஞ்சம் தேடிப் படிச்சு, முழுசா எழுதி வைக்கிறேன்.

எஃப்.சி. வேற, உத்தரவு வேற

ஆட்டோவுக்கு எஃப்.சி. இருக்கிற மாதிரி கிளைடருக்கும் பறக்கத் தகுதிச் சான்று உண்டு. அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இது போக, பறக்கிற நாள் ஒவ்வொண்ணும் காலையில ஒரு சோதனை நடக்கும். இது ரெண்டும் அந்த ஒரு வண்டியைப் பத்தினது.

நான் சொல்ல வந்த உத்தரவு வேற ரகம். எஃப்.சி. முடிச்சு வந்த மறுநாளே, "உங்க மாடல் வண்டி எல்லாத்துலயும் இந்த போல்ட்டை மாத்தினாத்தான் ரோட்டுல இறங்கலாம்"னு ஒரு ஆர்டர் வந்தா எப்படி இருக்கும்? அதுதான் இது. உங்க வண்டியில எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம். உலகத்தோட இன்னொரு மூலையில அதே மாடலில் ஒண்ணு உடைஞ்சிருக்கும். அது போதும்.

விமானத்தைத் தயாரிக்கிற கம்பெனி 'சர்வீஸ் புல்லட்டின்' வெளியிடும். அது பெரும்பாலும் பரிந்துரைதான். ஆனா வடிவமைப்புக்குப் பொறுப்பான நாட்டின் விமானத் துறை அதை ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ், சுருக்கமா ஏ.டி., ஆக்கிட்டா அது சட்டம். செய்யாம பறந்தா சான்று செல்லாது. நம்ம ஊர்ல டிஜிசிஏ விதித்தொகுப்பில் இதுக்கு 'மேண்டேட்டரி மாடிஃபிகேஷன்'னு தனிப் பகுதியே இருக்கு. வெளிநாட்டுல வடிவமைச்ச விமானம் இந்தியாவுல பதிவாகியிருந்தா, அந்த நாடு போட்ட உத்தரவு இங்கேயும் கட்டாயம். ஒரு நாடு கண்டுபிடிச்ச குறையை மத்த நாடுகளுக்குச் சொல்லணும்கிறது சர்வதேச ஒப்பந்தத்துலயே இருக்கு.

எங்கே தேயுது?

சரி, இன்ஜின் இல்லாத வண்டியில உடையுறதுக்கு என்ன இருக்கு? முக்கியமா நாலு இடம் சொல்றேன்.

முதல்ல இழுவைக் கொக்கி. கிளைடரை வின்ச் வெச்சுக் கம்பியால இழுத்தோ, இன்னொரு விமானத்துல கட்டி இழுத்தோதான் மேலே ஏத்துறாங்க. உயரம் வந்ததும் கம்பி கழலணும். கழலலைன்னா ஆபத்து, முன்கூட்டியே கழண்டாலும் ஆபத்து. பெரும்பாலான கிளைடர்ல இருக்கிறது ஜெர்மனியின் டோஸ்ட் கம்பெனி கொக்கி. பொதுவா 2,000 ஏவுதலுக்கு ஒருமுறை அதைக் கழட்டி முழுசா ஓவர்ஹால் பண்ணணும்.

ரெண்டாவது, கண்ட்ரோல் இணைப்பு. பல கிளைடர்களோட இறக்கையைக் கழட்டி டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோவாங்க. மறுபடி மாட்டும்போது உள்ளே இருக்கிற கண்ட்ரோல் ராடையும் கையால இணைக்கணும். இதுக்கு லோட்டெலியேங்கிற ஒரு பந்துக்கிண்ண இணைப்பு ரொம்ப காலமா பயன்பட்டது. சட்டுனு மாட்டலாம், அதுதான் வசதி. சரியா மாட்டாமலே மாட்டின மாதிரி இருக்கும், அதுதான் வினை. இப்படி விபத்துகள் நடந்த பிறகு, வெறும் ஸ்பிரிங்கை நம்பாதே, ஒரு சேஃப்டி பின்னோ அதை மூடுற உறையோ கட்டாயம் போடுன்னு உத்தரவு வந்தது. சில ரூபாய் பின். ஆனா போடலைன்னா பறக்கக் கூடாது.

மூணாவது பசை. பழைய கிளைடர் எல்லாம் மரம், ஒட்டுப்பலகை, துணி. மரத்தை மரத்தோடு சேர்க்கிறது பசைதான். அந்தக் காலத்துல பால் புரதத்திலிருந்து எடுக்கிற கேசீன் பசை பயன்படுத்தினாங்க. ஈரம் பட்டா அதுல பூஞ்சை வரும். ஒட்டு விட்டது வெளியே இருந்து பார்த்தா தெரியாது. கிளைடர் இல்லைன்னாலும் இதே கவலை நம்ம நாட்டுல ஒருமுறை பெருசா வந்திருக்கு. 1944 கடைசியில, இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் மஸ்கிட்டோ விமானங்கள், மரத்தால் செஞ்சவை, நடுவானில் உடைஞ்சதால பறக்கத் தடை போட்டு ஒவ்வொண்ணா ஆய்வு பண்ணாங்க. இந்த ஊர் வெயிலும் ஈரமும் காரணமா, தொழிற்சாலையில ஒட்டும்போதே நடந்த குறையான்னு பெரிய வாதம் நடந்தது.

நாலாவதுதான் இந்தப் பதிவோட மையம். உலோகச் சோர்வு.

ஒரு கம்பியும் ஒரு இறக்கையும்

கட்டுக்கம்பியை ஒருமுறை மடக்கினா உடையாது. அதே இடத்துல இருபது தடவை முன்னும் பின்னும் மடக்குங்க, பட்டுனு போயிரும். கடைசி தடவை நீங்க ஒண்ணும் கூடுதல் பலம் கொடுக்கலை. முன்னாடி மடக்கின கணக்கு உள்ளே சேர்ந்திருக்கு.

இறக்கைக்கு உள்ளே, வீட்டுக்கு உத்திரம் மாதிரி, நீளமா ஒரு தாங்கி ஓடும். அதுக்குப் பேர் ஸ்பார். ஒவ்வொரு வின்ச் ஏவுதலும், ஒவ்வொரு காத்துக் குலுக்கலும், தரையில தொம்முனு இறங்குறதும் அதை ஒருமுறை வளைக்குது. குட்டிக்கரணம் போட்டா இன்னும் அதிகம்.

பிளானிக் எல்-13ன்னு செக்கோஸ்லோவாக்கியாவுல வடிவமைச்ச கிளைடர். முதலில் பறந்தது 1956ல. முழு அலுமினியம், முன்னும் பின்னுமா ரெண்டு இருக்கை. 2,600க்கு மேல செஞ்சாங்க. உலகம் முழுக்க எத்தனையோ பேர் பறக்கக் கத்துக்கிட்டது இதுலதான். 2010 ஜூன் 12 அன்னைக்கு ஆஸ்திரியாவுல ஒரு எல்-13 பறந்துக்கிட்டிருக்கும்போதே இறக்கை முறிஞ்சது. ரெண்டு பேர் இறந்தாங்க. ஸ்பாரில் ரிவெட் அடிச்ச இணைப்புல சோர்வு விரிசல் தொடங்கியிருக்குன்னு ஆரம்ப விசாரணை காட்டியது.

ஒரு வாரத்துக்குள்ள ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அவசர உத்தரவு போட்டது. முதல்ல ஸ்பாரைச் சோதி, பறக்கிறதுல கட்டுப்பாடுன்னு ஆரம்பிச்சது. சில மாசத்துல அது முழுத் தடை ஆச்சு. அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ.யும் அதே வழியில போய்த் தடை போட்டது. காரணம் என்னன்னா, விரிசல் வரக்கூடிய இடம் தகடுக்கு அடியில, ரிவெட்டைச் சுத்தி ஒளிஞ்சிருக்கு. மேலோட்டமான சோதனையில 'விரிசல் இல்லை'ன்னு வந்தா, இல்லைன்னு அர்த்தமா, தெரியலைன்னு அர்த்தமா? அதை உறுதியாச் சொல்ல முடியாதப்போ, பறக்காதேன்னு சொல்றதுதான் மிச்சம்.

பிறகு இறக்கையின் அடிப்பகுதிக்கு வலுவூட்டுற மாற்றங்கள் அங்கீகரிக்கப்பட்டன. ஆனா ஒரு பழைய பிளானிக்கின் விலையோட ஒப்பிட்டா அந்தச் செலவு பெருசு. அதனால நிறைய பிளானிக் ஹாங்கர்லயும் டிரெய்லர்லயும் அப்படியே நின்னுபோச்சு. உறுப்பினர் சந்தாவுல ஓடுற சின்ன கிளப்புக்கு ரெண்டு கிளைடர்தான் இருக்கும். ரெண்டும் பிளானிக்னா கிளப்பே அத்தோட சரி. தங்களோட வண்டியில ஒரு கீறலும் இல்லாதப்போ ஏன் தண்டனைன்னு அவங்க வருத்தப்பட்டதுல நியாயம் இல்லாம இல்லை.

நோட்டுப் புத்தகம்தான் சாட்சி

விரிசலைக் கண்ணால பார்க்க முடியலைன்னா வேற வழி கணக்குதான். இந்த இறக்கை எத்தனை தடவை வளைஞ்சிருக்கு?

இங்கே மணிக்கணக்கு மட்டும் போதாது. வின்ச்சில் ஏறி ஒரு சுத்து சுத்தி இறங்குற பயிற்சிப் பறப்பு 6 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. 100 மணி நேரம் பறக்க 1,000 ஏவுதல், 1,000 தரையிறக்கம். இன்னொருத்தர் ஒவ்வொரு தடவையும் 2 மணி நேரம் மிதந்தா அதே 100 மணிக்கு 50 ஏவுதல்தான். புத்தகத்துல ரெண்டும் 100 மணி. இறக்கைக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை. அதனால எத்தனை ஏவுதல், வின்ச்சா விமான இழுவையா, ஒருத்தரா ரெண்டு பேரா, குட்டிக்கரணம் எவ்வளவு, எல்லாம் வேணும். ஐம்பது வருஷத்துல நாலு கை மாறின கிளைடருக்கு இதெல்லாம் யார்கிட்டே போய்க் கேட்கிறது?

இதுல எனக்கே ஒரு கதை உண்டு. படிக்கிற காலத்துல வடக்கே ஒரு கிளப்புல கொஞ்ச நாள் கிளைடர் கத்துக்கிட்டேன். ஏவுதல் குறிப்பு எழுதுற வேலை ஒருநாள் என்கிட்டே வந்தது. சாயங்காலம் இருட்டுற நேரம், கடகடன்னு ஏவினாங்க. நான் கம்பியை இழுக்க ஓடினதுல சிலதை எழுதலை. ராத்திரி எல்லாத்தையும் சேர்த்து உத்தேசமா ஒரு எண்ணைப் போட்டேன். மறுநாள் காலையில அங்கே இருந்த பெரியவர், இன்ஜினியர், நோட்டையும் வின்ச் ஓட்டுனவரோட கணக்கையும் வெச்சுப் பார்த்தார். மூணு குறைஞ்சது. எல்லாரையும் நிக்க வெச்சு, ஒவ்வொருத்தரா யார் யார் எப்போ ஏறினாங்கன்னு கேட்டுச் சரி பண்ணின பிறகுதான் ஹாங்கர் கதவைத் திறக்கவிட்டார். என்னைத் திட்டலை. "கொக்கிக்குப் பேசத் தெரியாது, நீ எழுதினாத்தான் அதுக்கு வயசு"ன்னு மட்டும் சொன்னார். மூணு ஏவுதலுக்கு இவ்வளவு கலாட்டாவான்னு அன்னைக்கு எரிச்சலா இருந்தது. பிளானிக் பத்திப் படிச்சப்போதான் அவர் ஏன் அப்படி நின்னார்னு புரிஞ்சது.

நம்ம நட்சத்திரங்கள்

இந்தியாவும் சொந்தமா கிளைடர் வடிவமைச்ச நாடு. டிஜிசிஏவின் தொழில்நுட்ப மையமே வடிவமைச்சது. பேர் எல்லாம் நட்சத்திரம். அசுவினி 1958ல, ரோகிணி 1961ல, கார்த்திக் 1963ல, பரணி 1965ல, மிருகசீரிஷம் 1970ல, ஆர்த்ரா, அதாவது நம்ம திருவாதிரை, 1979ல. ரோகிணியில பயிற்சியாளரும் மாணவரும் பக்கத்துல பக்கத்துல உட்காரலாம். ஆர்த்ராவை எச்.ஏ.எல். கான்பூர் என்.சி.சி.க்காகச் செஞ்சு கொடுத்தது. ரெண்டுமே மரம். டிஜிசிஏ நடத்துற கிளைடிங் மையம் புனே பக்கத்துல ஹடப்ஸர்ல இருக்கு.

இங்கே ஒரு விஷயம் யோசிக்கணும். பிளானிக்கில் குறைன்னா ஐரோப்பா உத்தரவு போடும், நமக்கும் தகவல் வரும். ரோகிணியிலயோ ஆர்த்ராவிலயோ குறைன்னா? வடிவமைச்ச நாடு நாமதான். வெளியிலிருந்து எந்தக் கடிதமும் வராது. 2,600 செஞ்ச மாடல்ல எங்கேயாவது ஒண்ணு முதல்ல காட்டிக்கொடுத்துரும், மத்தவங்க பிழைச்சுக்கலாம். கொஞ்சமே செஞ்ச மாடலுக்கு அந்த வசதி கிடையாது. முதல்ல உடையுறது நம்ம கையில இருக்கிறதாவே இருக்கலாம். அப்போ ஒவ்வொரு ஹாங்கர்லயும் எழுதுற குறிப்புக்கு இன்னும் மதிப்பு அதிகம்.

அண்ணாச்சிக்குப் பதில்

இன்ஜின் இருந்தா அது சத்தம் போட்டுக் காட்டும், புகை விடும், சூடாகும். நின்னா ஓரமா நிறுத்தலாம். கிளைடர்ல தேயுறது எதுவும் சத்தம் போடாது. அதனாலதான் அதுக்குச் சோதனை அதிகம். உத்தரவு வந்தா தன்னோட வண்டி நல்லா இருக்குன்னு வாதாடி முடியாததும் அதனாலதான்.

மறுபடி அண்ணாச்சியைப் பார்த்தப்போ இதைச் சுருக்கமாச் சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ எழுதுதவன் ஒழுங்கா எழுதணும், அவ்வளவுதானே"ன்னார். அவர் கையில அன்னைக்குப் பேப்பர் இருந்தது. மணிமுத்தாறு நீர்மட்டம், மொத்தம் 118 அடி, இன்னைக்கு இத்தனைன்னு வழக்கம்போல ஒரு வரி. அணை கட்டி 1958ல திறந்ததிலிருந்து யாரோ ஒருத்தர் அளவுகோலைப் பார்த்து எழுதிக்கிட்டுதான் இருக்கார். அந்த வரியை நாமளும் தினம் தாண்டித்தான் போறோம்.