போன் மாறினால் நம்பரும் மாறணுமா?

எங்கள் ஊர்ப் பக்கம் போனைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று எந்தத் தெருவில் நின்றாலும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். 2006-ல் இங்கே நோக்கியா கம்பெனி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 2014 நவம்பர் 1-ம் தேதியோடு அது மூடப்பட்டபோது வேலை போய் வீட்டோடு உட்கார்ந்த அக்காக்களையும் பார்த்திருக்கிறேன். 2019-லிருந்து ஐபோனே இங்கே பூட்டப்படுகிறது. இத்தனை இருந்தும், போனை மாற்றப் போய், பத்து வருஷம் வைத்திருந்த நம்பரையும் போட்ட ரீசார்ஜையும் தொலைத்துவிட்டு நிற்கிற பெண்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஒரகடத்தில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் வீட்டோடுதான். மாடி அறையைப் போன் கம்பெனியில் வேலை செய்யும் நாலு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன மாதம் என் நாத்தனார் மகள் அமெரிக்காவிலிருந்து வருகிறவர் ஒருவரிடம், அவள் பயன்படுத்திய ஐபோனைக் கொடுத்தனுப்பினாள். "அத்தை, உங்க போன் கண்ணாடி உடைஞ்சு கையைக் கிழிக்குதுன்னு அம்மா சொன்னாங்க. இதை வெச்சுக்கோங்க" என்று அன்பாகச் சொன்னாள். என் சிம்மை எடுத்துப் போட்டால், இந்த சிம் செல்லாது என்கிற மாதிரி ஆங்கிலத்தில் வந்து நின்றுவிட்டது.

கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் எடுத்துப் போனேன். "அக்கா, இது லாக் போன். மூவாயிரத்து ஐந்நூறு கொடுங்க, ஓப்பன் பண்ணித் தரேன். இல்லாட்டி பழைய நம்பரை விடுங்க, புது சிம் சும்மாவே தராங்க, போட்டுப் பாக்கலாம்" என்றார். வீட்டுக்காரரும், "நம்பர்தானே? எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டா ஆச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆண்களுக்கு நம்பர் என்றால் பேசுவதற்கு மட்டும்தான் போலிருக்கிறது!

அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் நம்பர் எங்கெங்கே கொடுத்திருக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். ஆதார், பேங்க், ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மகளிர் குழு, மாமியாரின் ஆஸ்பத்திரி அட்டை, எல்.ஐ.சி., 2023-ல் எழுதிக் கொடுத்த மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம்... பதினொன்று வந்தது. இதில் பாதி இடத்தில் நம்பர் மாற்ற வேண்டுமானால் நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நாம் விட்டுவிட்ட நம்பர் அப்படியே கிடப்பில் இருக்காது. இணைப்பைத் துண்டித்துக் குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நாம் மாற்ற மறந்த இடத்திலிருந்து வரும் ஓ.டி.பி. முன்பின் தெரியாத அந்த ஆளின் கைக்குப் போகும். இதை நினைத்ததும் எனக்குத் தூக்கமே வரவில்லை. போதாததற்கு 84 நாள் ரீசார்ஜ் போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்த மாடிப் பெண்ணிடம் போனைக் காட்டினேன். போளூர் பக்கத்துப் பெண். நாள் முழுக்கப் போனோடு வேலை, ஆனால் சொந்தப் போனை உள்ளே கொண்டுபோக அனுமதி கிடையாதாம், வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுப் போவார்களாம். அவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, அமெரிக்காக் கம்பெனி சிம்மைத் தவிர வேற எதையும் ஏத்துக்காதுன்னுதானே பூட்டியிருக்கு? நம்ம ஊரு சிம் பழசா இருந்தா என்ன, புதுசா இருந்தா என்ன, ரெண்டுமே ஏறாது. போனை அனுப்பினவங்களைக் கேளுங்க" என்றாள். எவ்வளவு நேரான பேச்சு பாருங்கள்!

நாத்தனார் மகளிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே பலர் முழுப் பணம் கொடுத்துப் போன் வாங்குவதில்லையாம். சிம் கொடுக்கும் கம்பெனியே போனையும் மாதத் தவணையில் கொடுக்கும். தவணை முடியும் முன் வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாது என்று போனைப் பூட்டி வைக்கிறார்கள். தவணை முழுக்கக் கட்டி, அவர்கள் சொல்லும் காலமும் முடிந்திருந்தால், கம்பெனியே பூட்டைத் திறந்துவிடும். இப்படித் திறந்து வேறு கம்பெனிக்குப் போகும் உரிமைக்காக அங்கே 2014-ல் தனிச் சட்டமே போட்டார்கள். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து பூட்டிய போனை விற்கவே கூடாது என்று உத்தரவு. இங்கிலாந்திலும் ஜப்பானிலும் 2021-ல் அதே மாதிரி நிறுத்திவிட்டார்கள்.

அவளுக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி இருந்தது. அதைக் கட்டிவிட்டுத் தன் பெயரிலேயே கம்பெனியில் கேட்டாள். ஒன்பதாம் நாள் திறந்துவிட்டார்கள். காசு கேட்கவில்லை. ஐபோனில் இதை நாமே பார்த்துக்கொள்ளலாம். செட்டிங்ஸ் போய், ஜெனரல், அதற்குள் அபௌட் என்ற இடத்தில் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று இருந்தால் எந்தக் கம்பெனி சிம்மும் போடலாம். மற்ற போன்களில் இரண்டு வேறு வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் எளிய வழி.

என் பழைய சிம்மைப் போட்டேன். அதே நம்பர், அதே பிளான், மிச்சமிருந்த நாளில் ஒன்றுகூடக் குறையவில்லை. ரீசார்ஜ் என்பது சிம்மைச் சேர்ந்தது, போனைச் சேர்ந்தது அல்ல. பானையை மாற்றினால் அரிசி குறைந்தா போகும்?

ஆனால் இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2017-ல் ஜியோ கம்பெனி 1500 ரூபாய் முன்பணத்துக்கு ஜியோபோன் என்று ஒரு பட்டன் போன் அறிவித்தது நினைவிருக்கும். அதில் வேறு கம்பெனி சிம் ஏறாது. அதற்கென்று வந்த குறைந்த விலை ரீசார்ஜ்களும் அந்தப் போனில் மட்டுமே செல்லும். அந்த சிம்மை எடுத்து ஸ்மார்ட் போனில் போட்டால் நம்பர் நம்முடையதுதான், பிளான் மட்டும் வராது, ஸ்மார்ட் போனுக்கு உண்டான ரீசார்ஜ் தனியாகப் போட வேண்டும். அதனால் பழைய ரீசார்ஜ் முடிகிற நாளாகப் பார்த்து மாற்றினால் காசு வீணாகாது. ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால், வாங்குகிற போன் 4ஜி-யிலேயே பேசக்கூடியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போன் கொடுத்ததே, அதில் சிம் என்ற ஒன்றே இல்லை. நம்பரையே போனுக்குள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். போனை மாற்ற வேண்டுமானால் அந்தக் கம்பெனி வாசலுக்குத்தான் போகணும். எங்கள் அப்பா அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். இப்போது கடையில் முழுப் பணம் கொடுத்து வாங்கும் போன்களில் பெரும்பாலும் சிம் பூட்டு இருக்காது. தவணையில் எடுத்த சில போன்களில் கடன் கொடுத்தவர்கள் போடும் பூட்டு வேறு உண்டு, தவணை தவறினால் போனே இயங்காது. அப்படிப்பட்ட போனை யாராவது மலிவாகக் கொடுத்தால் கையால் தொடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் போனில் இன்னொரு சங்கடம். 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்து அங்கே விற்பதில் சிம் போடும் துவாரமே கிடையாது. இ-சிம் என்று போனுக்குள்ளேயே பதிவு செய்வதுதான். நம் ஊர்க் கம்பெனிகளும் அதே நம்பரை, அதே பிளானோடு இ-சிம்மாக மாற்றித் தருகின்றன. ஆனால் மாற்றிய உடனே கையில் இருக்கும் பழைய சிம் செத்துவிடும். போனின் பூட்டு திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் இ-சிம்முக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் பழைய போனும் பேசாது, புதுப் போனும் பேசாது.

போன் மாற்றியதும் பேங்க் ஆப், ஜிபே எல்லாம் மறுபடி பதிவு கேட்கும். அப்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும், அதனால் ரீசார்ஜ் உயிரோடு இருக்கணும். முதல் ஒரு நாள் பெரிய தொகை அனுப்ப விடாது. பிள்ளைகள் ஸ்கூல் பீஸ் கட்டும் நாளில் போனை மாற்றாதீர்கள்!

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் நம்பர் என்று சொல்கிறோமே, அது யார் பெயரில் இருக்கிறது? என்னுடையது என் பெயரில் இருந்ததால் எல்லாம் சுலபமாக முடிந்தது. மாடியில் இருக்கும் இன்னொரு பெண்ணின் சிம் உடைந்துபோனது. அதே நம்பரில் வேறு சிம் கேட்டால், யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வரணும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா பெயரில் இருந்தது. அந்த மனுஷர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு விழுப்புரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தார். வேலைக்கு அழைத்து வந்த ஏஜென்ட் பெயரில் சிம் வைத்திருக்கும் பெண்களும் இங்கே உண்டு. நாளைக்கு அந்த ஆளோடு சண்டை என்றால் நம்பர் யாருடையது? பேங்கில் போட்ட சம்பளம் யார் ஓ.டி.பி.யில் திறக்கும்?

2023-ல் மத்திய அரசு ஆரம்பித்த சஞ்சார் சாத்தி என்ற இணையதளத்தில், நம் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். நமக்குத் தெரியாமல் நம் ஆதாரைக் காட்டி யாராவது சிம் வாங்கியிருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். என் மாமியார் பெயரில் நாலு இருந்தது. அவர் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. மீதி மூன்றையும் எனதல்ல என்று அடித்துவிட்டோம்.

கம்பெனி பிடிக்கவில்லை என்றாலும் நம்பரை விட வேண்டாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போகும் வசதி இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு கோடு வரும். அதைப் புதுக் கம்பெனியில் காட்ட வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் படுத்துவிட்டபோது, டவர் இல்லாமல் அந்தக் கோடுகூட வராமல் ஜனங்கள் தவித்தது பலருக்கு மறந்திருக்காது. சிக்னல் மோசமாகிக்கொண்டே போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே மாறிவிடுங்கள். ஆனால் பிளான் கூட வராது, நம்பர் மட்டும்தான் வரும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் மாற முடியும், 2024 ஜூலையிலிருந்து அப்படி ஒரு விதி.

கடைசியாக, பழைய போன் வாங்குகிறவர்களுக்கு. சம்பள வாரத்தில் எங்கள் கடைத்தெருவில் செகண்ட் ஹாண்ட் போன் வியாபாரம் ஜோராக நடக்கும். போளூர்ப் பெண் தன் அம்மாவுக்கு ஒன்று வாங்கணும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போனில் *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு அனுப்பினால், அது என்ன போன், திருட்டுப் போனென்று தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். பெட்டியில் இருந்த எண்ணும் போனில் வந்த எண்ணும் ஒன்றாக இல்லை. கடைக்காரர், "பெட்டி மாறிப்போச்சும்மா" என்றார். பில்லும் இல்லை. நாங்கள் இரண்டு டீ குடித்துவிட்டு, அடுத்த சம்பளத்தோடு சேர்த்துப் புதிதாகவே ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டோம்.

— ஒரு வாசகி, சுங்குவார்சத்திரம்