வழி தவறியவர் மூட்டிய தீ: பொறுப்பு யாருடையது?

தீபாவளி முடிந்து ஒரு மாதத்துக்குள் சஹ்யாத்ரி மலைப் புல் காய்ந்து மஞ்சளாகிவிடும். மும்பைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மலையேறக் கிளம்புவதும் அந்தப் பருவத்தில்தான். செம்பூரில் ஏறினால் ஹார்பர் லைனில் பன்வேல், அங்கிருந்து கர்னாளா. தாராவிக்காரர்களும் மாட்டுங்காக்காரர்களும் வண்டி மாறிக் கர்ஜத்துக்கோ கசாராவுக்கோ போவார்கள். தொலைவு வேண்டாம் என்பவர்களுக்கு, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா போரிவலியிலேயே இருக்கிறது.

மழை நின்றபின் இந்தக் காடுகளில் தீ தானாகப் பிடிப்பது அபூர்வம். சமையல் அடுப்பு, பீடித்துண்டு, புல்லுக்கு வைத்த நெருப்பு என்று ஏதோ ஒரு மனிதக் கை அதன் பின்னால் இருக்கும். அந்தக் கை சில சமயம் விஷமக்காரருடையதாக இருக்காது. வழி தவறி, இருட்டி, செல்போன் அணைந்துபோய், யாராவது பார்க்கட்டும் என்று சருகைக் கூட்டித் தீக்குச்சி கிழித்தவருடையதாக இருக்கலாம். அந்தத் தீ காட்டைப் பிடித்துக்கொண்டால் அவரைக் குற்றவாளி என்பதா, ஆபத்தில் சிக்கியவர் என்பதா?

இரண்டுமாக அவர் இருக்க முடியும். அவருடைய பொறுப்பு தீக்குச்சி கிழித்த நொடியோடு முடிவதில்லை. காட்டுக்குள் போகுமுன் என்ன செய்தார், மூட்டும்போது எவ்வளவு கவனமாக இருந்தார், தீ கைமீறிய பின் என்ன செய்தார் என்று மூன்று இடங்களில் அதை அளக்க வேண்டும். வழி தவறியது நடுவில் உள்ளதற்கு ஓரளவு சமாதானம் ஆகும். மற்ற இரண்டுக்கும் ஆகாது.

கலிபோர்னியாவும் அரிசோனாவும்

2003 அக்டோபர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோ மாவட்டத்தில் வேட்டைக்குப் போன ஒருவர் கூட்டாளியைப் பிரிந்து வழி தவறினார். மாலையில் சிறு தீ ஒன்றை மூட்டினார். ஹெலிகாப்டரில் வந்தவர்கள் அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். தீயைக் காப்பாற்ற யாரும் தேவைப்படவில்லை. இரவில் எழுந்த வறண்ட காற்று அதை ஊர்கள்மேல் தள்ளியது. 2.7 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது; 2,200க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன; 15 பேர் இறந்தார்கள். சீடர் தீ என்று பெயர் பெற்ற இந்தத் தீ தொடர்பான வழக்கில், தீ வைத்ததோடு புலனாய்வாளர்களிடம் பொய் சொன்னதாகவும் அவர்மேல் முதலில் குற்றம் சாட்டினார்கள். தீ வைத்ததை அவர் ஒப்புக்கொண்டதால் பொய் சொன்னதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 2005இல் வந்த தீர்ப்பு, பகலில் வேலைக்குப் போய்வர அனுமதிக்கும் காவலில் 6 மாதம், 960 மணி நேரச் சமூக சேவை, 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 9,000 டாலர் இழப்பீடு. வீடிழந்தவர்களில் பலருக்கு அது போதுமானதாகப் படவில்லை.

சீடர் தீக்கு முந்தைய ஆண்டு, 2002 ஜூனில், அரிசோனாவில் ஒரு பெண் அப்பாச்சி பழங்குடியினர் நிலத்தில் வழி தவறிச் சில நாட்கள் அலைந்தார். அருகில் வேறொரு காட்டுத்தீயைப் படமெடுக்க வந்த தொலைக்காட்சி ஹெலிகாப்டரின் கண்ணில் பட வேண்டும் என்று சைகைத் தீ மூட்டினார். அது பரவி, ஏற்கெனவே எரிந்த தீயோடு சேர்ந்து, 4.6 லட்சம் ஏக்கருக்கு மேல் விழுங்கியது. அவர்மேல் குற்ற வழக்குத் தொடுப்பதில்லை என்று அரசு வழக்குரைஞர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் பழங்குடியினர் தங்கள் நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அந்த நீதிமன்றத்துக்குத் தன்மேல் அதிகாரமில்லை என்று அவர் வாதாடியபோது, முதலில் அங்கேயே வழக்கை நடத்தி முடிக்க வேண்டும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் சொன்னது. குற்ற வழக்கு இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று எண்ணுகிறவர்கள் இந்த வழக்கை நினைவில் வைக்க வேண்டும்.

நம் சட்டம்

இந்திய வனச் சட்டம், 1927இன் 26ஆவது பிரிவு, காப்புக்காட்டுக்குத் தீ வைப்பதையும், விதிகளை மீறிக் காட்டுக்கு ஆபத்தாகும் வகையில் நெருப்பு மூட்டுவதையும், எரியும் நெருப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவதையும் குற்றமாக்குகிறது. மூலச் சட்டத்தில் தண்டனை 6 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். மாநிலத் திருத்தங்களில் இந்த அளவு மாறும். ‘ஐந்நூறுதானே’ என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு நீதிமன்றம் நிர்ணயிக்கும் இழப்பீட்டைத் தனியே கட்ட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் பிடி இன்னும் இறுகும். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 30ஆவது பிரிவு சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதைத் தடுக்கிறது. 35ஆவது பிரிவு அதைத் தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பின் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கர்னாளா, துங்காரேஷ்வர், பீமாசங்கர், கள்சுபாய்–ஹரிச்சந்திரகட் ஆகிய எல்லாமே சரணாலயங்கள் என்பது மலையேறப் போகும் பலருக்குத் தெரியாது.

இவற்றோடு, 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இருக்கிறது. நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 287ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. கவனக்குறைவால் யாராவது இறந்தால் 106ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. வேண்டுமென்றோ, சேதம் நேரும் என்று தெரிந்தோ தீயால் சொத்துக்கு நாசம் விளைவித்தால் 326ஆவது பிரிவு வரும். அதில் தண்டனை 7 ஆண்டு வரையும், சில வகைகளில் அதற்கு மேலும் போகும். ஆகவே தெரிந்து செய்தாரா, கவனமில்லாமல் செய்தாரா என்ற கேள்விதான் வழக்கின் எடையைத் தீர்மானிக்கிறது.

உயிருக்குப் பயந்து செய்தேன் என்றால்?

அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. தீய எண்ணமின்றி, பெரிய தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்கிறது நியாய சன்ஹிதாவின் 19ஆவது பிரிவு. பெருந்தீ பரவாமல் தடுக்க ஒருவர் வீடுகளை இடிப்பதையே அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. ஆனால் நல்லெண்ணம் என்பதற்குச் சட்டம் தரும் பொருள் உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்வது. மனது சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது.

எனவே நீதிமன்றம் கேட்கக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே ஊகிக்கலாம். உயிருக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்ததா, வெறும் பயமா? விசில், டார்ச், 112 போன்ற வேறு வழி இருந்ததா? பாறையில் மூட்டினாரா, புல்வெளியிலா? அனுமதியோடு போனாரா, மூடிய பாதையில் நுழைந்தாரா? சஹ்யாத்ரியில் வழி தவறியவரைப் பெரும்பாலும் அச்சுறுத்துவது தாகமும் பள்ளமும். குளிர்காய மூட்டினேன் என்ற பதில் பனிமலையில் எடுபடும் அளவுக்கு இங்கே எடுபடாது.

அபராதத்துக்கு வெளியே உள்ள கணக்கு

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகள் வந்தன. அந்தத் தீயை மலையேறியவர்கள் வைக்கவில்லை. ஆனால் சரிவில் நெருப்பு மூட்டுகிற எவருக்கும், மேலே யார் நடந்து வருகிறார்கள் என்று தெரிய வழியில்லை என்பதைத் தமிழர்களுக்கு அந்த மலை காட்டிவிட்டது.

நம் பக்கக் காடுகளிலும் ஆள் இருக்கிறார்கள். சஞ்சய் காந்தி பூங்காவுக்குள்ளேயும் அதை ஒட்டிய ஆரேயிலும் வார்லி பழங்குடி மக்களின் பாடாக்கள் (குடியிருப்புகள்) உள்ளன. 2018 டிசம்பர் 3 மாலை கோரேகாவ் கிழக்கில் ஆரேயை ஒட்டிய குன்றுக்காட்டில் பிடித்த தீயோடு தீயணைப்புப் படை இரவில் வெகுநேரம் போராட வேண்டியிருந்தது. வனச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவும் இருக்கிறது. வேண்டுமென்றோ மிகுந்த கவனக்குறைவாலோ காப்புக்காட்டில் தீப்பிடித்தால், அந்தப் பகுதியில் மேய்ச்சல் உரிமையையும் வனப்பொருள் சேகரிக்கும் உரிமையையும் மாநில அரசு நிறுத்திவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்துபோனவரின் தவறுக்கு அங்கேயே வாழ்கிறவர் பிழைப்பை இழக்க நேரலாம். இதை எந்த அபராத ரசீதும் ஈடுசெய்யாது.

ஒரு காட்டை உருவாக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது தாராவிக்குத் தெரியும். பக்கத்திலேயே இருக்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 1970களில் குப்பைமேடு. மண் கொட்டி, கன்று வைத்து, 1994இல்தான் 37 ஏக்கர் பூங்காவாகத் திறந்தார்கள்.

தவறு செய்தவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு சிலி நாட்டில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2005இல் செக் நாட்டுப் பயணி ஒருவரின் அடுப்பிலிருந்து டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் தீ பரவி ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் எரிந்தது. அன்றைய சிலிச் சட்டப்படி அவர் கட்டிய அபராதம் அற்பம். ஆனால் அவருடைய நாட்டு அரசு மரம் நட்டுக் காட்டை மீட்கப் பணமும் ஆளும் அனுப்பியது. சட்டம் கேட்காததையும் செய்வதுதான் தார்மீகப் பொறுப்பு.

வழி தவறினால்

* நடப்பதை நிறுத்துங்கள். வந்த பாதை தெரிந்தால் மட்டும் திரும்புங்கள். தெரியாவிட்டால் திறந்த, பாதுகாப்பான இடத்தில் உட்காருங்கள்.
* 112ஐ அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனக் கோபுரம் வழியாக அழைப்பு போகக்கூடும். மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926. இருப்பிடத்தை வீட்டுக்கும் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள்.
* விசிலை மும்மூன்று முறையாக ஊதுங்கள். பகலில் கண்ணாடி, இரவில் டார்ச், பளிச்சென்ற துணி ஆகியவை தெரியும். இவற்றால் காடு எரியாது.
* தேடிவர ஆள் உண்டு. மலையேற்ற அமைப்புகள் சேர்ந்து நடத்தும் மகாராஷ்டிர மலையேறுவோர் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் போலீசோடு இணைந்து இயங்குகிறது.
* உயிர் போகும் நிலையில் நெருப்பே கடைசி வழி என்றால் வெறும் பாறையிலோ ஆற்று மணலிலோ, சுற்றிலும் புல் இல்லாத இடத்தில், கையளவு மூட்டுங்கள். சரிவிலும் காற்றிலும் வேண்டவே வேண்டாம். அணைத்து, தண்ணீர் ஊற்றி, சாம்பலைத் தொட்டுப் பார்த்த பிறகே நகருங்கள்.

தீ கைமீறினால்

முதலில் உங்கள் உயிர். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும். ஆகவே மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்குங்கள். பாறையோ ஏற்கெனவே எரிந்து அணைந்த நிலமோ புகலிடம். உடனே 112, 101, 1926 மூன்றுக்கும் சொல்லுங்கள். இடம், காற்றின் திசை, பக்கத்துப் பாடாவின் பெயர் மூன்றையும் சொன்னால் அணைப்பவர்களுக்கு உதவும். குடியிருப்பு அருகில் இருந்தால், பாதுகாப்பாகப் போக முடிகிற பட்சத்தில், ஆட்களை எழுப்புங்கள். ஓடி ஒளிவதால் தீ அணைவது தள்ளிப்போகும். எரியும் நெருப்பை விட்டுப் போனதே தனிக் குற்றமாகவும் நிற்கும். நேரத்தோடு சொன்னவரையும் மறைத்தவரையும் எந்த நீதிபதியும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்.

விசாரணை வந்தால்

தகவல் சொல்வது வேறு, குற்றத்தை எழுதிக் கொடுப்பது வேறு. தீ எங்கே, எப்போது என்று தயங்காமல் சொல்லுங்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை. போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது. வனத்துறை அதிகாரியிடம் சொன்னதற்கு அதே பாதுகாப்பு எப்போதும் கிடைக்காது. வனவுயிர்ச் சட்டப்படி உரிய பதவியில் உள்ள அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் விசாரணையில் ஏற்கப்படலாம்.

7 ஆண்டு வரையிலான தண்டனைக் குற்றங்களில் கைது தானாக நடக்க வேண்டியதில்லை. தேவைக்குக் காரணம் பதிய வேண்டும், இல்லையேல் ஆஜராக நோட்டீஸ் தர வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 18 வயதுக்குக் கீழானவர் சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போவார். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் இலவசச் சட்ட உதவி பெறலாம், எண் 15100. போனில் உள்ள படங்களையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். உங்கள் தவிப்புக்கு அவைதான் சாட்சி. அழித்தால் தடயம் மறைத்த வழக்கும் சேரலாம்.

தீயால் பாதிக்கப்பட்டவருக்கும் வழி உண்டு. போலீஸ் புகாரோடு உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். குற்றத்தால் இழப்போ காயமோ ஏற்பட்டவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் மூலம் அரசின் இழப்பீட்டுத் திட்டத்தை நாடலாம்.

இத்தனை பிரிவுகளும் தீ பிடித்த பிறகு வேலை செய்பவை. பன்வேல் வண்டியில் ஏறுமுன் அனுமதிச் சீட்டு, பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி, விசில், டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், எந்த வழியில் போகிறோம் என்று வீட்டில் எழுதி வைத்த ஒரு துண்டுச்சீட்டு ஆகியவை கையில் இருந்தால், வழி தவறினாலும் தீப்பெட்டியைத் தேட வேண்டிய நிலை வராது. தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டும் போகலாம்.