செங்கம் ரோட்டிலிருந்து ரோமாபுரி!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களில் கிடைக்காத சமாசாரமே கிடையாது. யோகா, தியானம், ஆயுர்வேத மசாஜ், இத்தாலியன் காபி, வாடகைக்கு மொபெட்... அந்த வரிசையில் புதுசாக ஒரு போர்டு கண்ணில் பட்டது: 'ரோமானிய இடிபாடுகள்... ஒரே நாளில் போய் வரலாம்!'

உல்லாசக் கப்பலில் போகிற பணக்காரர்களை இத்தாலித் துறைமுகத்தில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, பாம்பெய் நகரத்தைக் காட்டிவிட்டு சாயங்காலமே கப்பலில் சேர்த்துவிடுவார்களாம். நமக்குக் கப்பல் ஏது? வேன்தான். கடலுக்குப் பதில் திண்டிவனம் ரோடு. ஏழு வெள்ளைக்காரர்கள், கைடு தம்பி, காலியாக இருந்த ஒரு சீட்டில் நான்.

செஞ்சிக் கோட்டையை ஜன்னல் வழியாகவே தரிசித்துவிட்டு, சுமார் 105 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி. அங்கிருந்து தெற்கே 4 கிலோமீட்டரில் அரிக்கமேடு.

இறங்கினால் மாந்தோப்பு. தென்னை. பக்கத்தில் அரியாங்குப்பம் ஆறு. தொல்லியல் துறை போர்டு. பாழடைந்த செங்கல் சுவர் ஒன்று. அவ்வளவுதான்! தம்பி அந்தச் சுவரைக் காட்டி, "ரோமன் வால்! டூ தௌசண்ட் இயர்ஸ்!" என்றார். காமிராக்கள் படபடத்தன.

அந்தச் சுவருக்கு வயசு 250 சொச்சம்தான். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய மிஷன் கட்டடத்தின் மிச்சம். ரோமாபுரி சமாசாரமெல்லாம் காலுக்கடியில் இருக்கிறது. தோண்டியவர்கள் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

டீக்கடையில் தம்பியை ஓரம் கட்டினேன்.

"தெரியும் சார். ஒண்ணுமே இல்லாத இடத்தைக் காட்டினா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்களே? வேன் வாடகை யார் சார் தர்றது?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் பி.காம். காரன். என் கண்ணுக்கு அரிக்கமேடு இடிபாடு இல்லை... பழைய லெட்ஜர்! டீ ஆறுவதற்குள் தம்பிக்குச் சொன்னேன்.

1769-ல் லெழான்தீ என்கிற பிரெஞ்சு வானியல்காரர், வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்றைக்கென்று மேகம்! (ஊர் திரும்பினால், ஆள் செத்துப்போனதாகச் சொல்லிச் சொத்தைப் பங்கு போட்டிருந்தார்கள். பாவம்!) இங்கே பழைய சுவர்கள் இருப்பதை முதலில் எழுதி வைத்தவர் அந்தத் துரதிர்ஷ்டசாலிதான்.

அப்புறம் மார்ட்டிமர் வீலர். 1944-ல் சென்னை மியூசியத்து அலமாரியில் ரோமானிய ஜாடித் துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1945-லேயே அரிக்கமேட்டில் கடப்பாரையோடு ஆஜர். கிடைத்தது இத்தாலி அரெஸ்ஸோ ஊரின் சிவப்புப் பளபளப்புத் தட்டுகள். அடியில் குயவர் முத்திரை வேறு... ஒன்று 'காமுரி'. நம்ம ஐ.எஸ்.ஐ. மாதிரி! எந்தக் குயவர் எந்தக் காலம் என்று அங்கே தெரியுமாதலால், அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே பர்த் சர்டிபிகேட் கொடுத்த இடம் இது.

ஜாடிகளில் வந்தது ஒயின், ஆலிவ் எண்ணெய், மீன் சாறு. நம் மீனவக் கரைக்கே மீன் சாறு... கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை! வரவுப் பக்கம் நமக்குத்தான் கனம். இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் கறந்துவிடுகிறது என்று முதல் நூற்றாண்டிலேயே ப்ளினி புலம்பியிருக்கிறார். மிளகு, முத்து, துணி... அத்தனையும் நம் பக்கத்துச் சரக்கு.

முக்கியமானது இனிமேல்தான். வீலர் இதை ரோமானிய வணிக நிலையமாகவே பார்த்தார். 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டிய விமலா பெக்லி குழு கணக்கைத் திருத்தியது. ரோமானியச் சரக்கு வருமுன்பே இங்கே ஊர் இருந்தது. அது நின்ற பிறகும் இருந்தது. ரோமானியப் பாணி என்று வீலர் நினைத்த உருள் கோட்டுப் பானைகளே இந்தியாவில் செய்தவை! இங்கே செய்த கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை போயின. ரோமானியர் இங்கே கஸ்டமர்; முதலாளி உள்ளூர்க்காரன்.

தம்பி டீயைக் குடிக்கவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு, பாரதி பூங்கா பக்கம் உள்ள மியூசியத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று தம்பி தொண்டையைச் செருமினார். "காலையில் பார்த்த சுவர்... பிரெஞ்ச். சாரி. நிஜம் இங்கே இருக்கிறது" என்று தொடங்கி, குயவர் முத்திரை, ப்ளினி புலம்பல், கண்ணாடி மணி என்று தன் இங்கிலீஷில் ஒரு போடு போட்டார். ஒரு அம்மணி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, போனிலிருந்த பதினேழு சுவர் போட்டோக்களையும் அழித்தார். யாரும் பணம் கேட்கவில்லை.

எங்களோடு வந்த ஃபிளாரன்ஸ்காரப் பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், பெட்டியை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார். அரெஸ்ஸோ அவர் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரமாம்! தம்பி பாக்கெட் நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சார், அந்த ஊர் ஸ்பெல்லிங்கைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு வேன் இருக்கு."