பாறை ஏறுவோர் பத்திரிகை

கல்லூரி விடுதிகளில் உருவாகும் கையெழுத்துப் பத்திரிகைகளை நீங்கள் அறிவீர்கள். கதையில் ஒரு வரி இடம் மாறிவிட்டால் ஆசிரியருக்கு வெட்கம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பெங்களூரில் படித்த நாட்களில் நானும் நண்பர்கள் மூவரும் தொடங்கிய பத்திரிகை வேறு வகையைச் சேர்ந்தது. ராமநகரத்துக் கருங்கற் குன்றுகளில் கயிறு கட்டி ஏறுவோருக்காக அதை நடத்தினோம். எந்த வெடிப்பைப் பற்றி ஏறுவது, எங்கே நிற்பது, எப்படி இறங்குவது என்பதையெல்லாம் அதைப் பார்த்தே பிறர் தீர்மானிப்பார்கள். ஆகையால் அதன் பக்க அமைப்பு வெறும் அலங்காரம் அன்று. இதை நாங்கள் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தோம்.

முதலில் புகைப்படங்களை நம்பினோம். ஜெராக்ஸ் இயந்திரம் பாறையின் கருமையையும் நிழலையும் ஒன்றாக்கி, பக்கம் முழுவதும் மை கொட்டினாற்போல் ஆக்கிவிட்டது. பின்னர் படத்தைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத்தாள் வைத்து, பாறையின் விளிம்பையும் வெடிப்புகளையும் மட்டும் மைக்கோடாக எடுத்தோம். கண்ணுக்கு அழகு குறைந்தது, வழி தெளிவாயிற்று.

இத்தகைய வரைபடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அளவுக்கு ஏற்ப அதை வரைவதில்லை. கலிபோர்னியாவிலுள்ள எல் காபிடன் பாறை ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 1958ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏறி முடிக்கப்பட்ட அதன் 'நோஸ்' வழியில் சுமார் 30 கட்டங்கள் இருக்கின்றன. அளவு பிசகாமல் வரைந்தால் கடினமான இடங்கள் புள்ளியாகிவிடும். ஆகவே எளிய பகுதியைச் சுருக்கி, சிக்கலான பகுதியை விரித்து வரைந்து, ஒவ்வொரு கட்டத்தின் நீளத்தையும் எண்ணால் குறிப்பார்கள். கோடு பொய் சொல்லலாம். எண் சொல்லக் கூடாது.

எங்கள் முதல் இதழில் அந்த எண்ணைத்தான் தொலைத்தோம். நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். ஒரு தாளின் ஒரே முகத்தில் அமையும் இரு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். வெளித்தாளில் 16உம் 1உம்; அதன் உட்புறம் 2உம் 15உம். நடுத்தாளின் 8, 9 ஆகிய இரண்டு மட்டுமே விரித்தால் ஒரே காகிதமாக எதிரெதிரே நிற்கும். நாங்களோ பெரிய வரைபடத்தை 6, 7ஆம் பக்கங்களில் பரப்பினோம். அவை வெவ்வேறு தாள்களைச் சேர்ந்தவை. கையால் மடித்தபோது சற்றே விலகின. ஒரு கட்டத்தின் நீளமான 35 மீட்டர் என்ற எண் மடிப்புக்குள் புதைந்துபோயிற்று.

நண்பர் ஒருவர் அந்த இதழை வைத்துக்கொண்டு 60 மீட்டர் கயிற்றுடன் சென்றார். இறங்கும்போது கயிற்றை இரட்டையாகத் தொங்கவிட வேண்டும். அப்போது அது 30 மீட்டர்தான் எட்டும். கீழேயிருந்த பாறைத்திட்டுக்கு ஐந்து மீட்டர் மேலே கயிறு முடிந்தது. இரு நுனிகளிலும் முடிச்சுப் போடும் நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது. அந்த முடிச்சில் தங்கி, சிறு கயிற்றுச் சுருக்குகளைக் கொண்டு மெல்ல மேலேறி, குன்றின் மறுபக்கமாக நடந்து இறங்கினார். எங்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. இதழை விரித்து, மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார், அவ்வளவே.

இரண்டாம் இதழுக்கு முன், வெற்றுத்தாள்களை மடித்துப் பக்க எண் மட்டும் எழுதிய ஒரு மாதிரிப் பிரதி செய்தோம். பெரிய வரைபடத்துக்கு 8, 9ஆம் பக்கங்களை முதலிலேயே ஒதுக்கினோம். கட்டுரைகள் எஞ்சிய இடத்தில் அடங்கிக்கொண்டன. (என் கட்டுரையில் பாதி போயிற்று, வருத்தம்தான்.) உயரமான பாறையாதலால் இதழைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கும்படி வரைந்தோம். அப்போது மடிப்பு குறுக்கே ஓடும். அதன் இருபுறமும் ஒரு விரலகலத்துக்கு எண்ணோ நிற்குமிடமோ வராமல், வெறும் பாறைக்கோடு மட்டும் செல்லுமாறு பார்த்துக்கொண்டோம். நீளங்களை வரைபடத்தில் ஒருமுறையும் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒருமுறையும் எழுதினோம். பிறகு ஒரு பிரதியைத் தைத்து, அந்த நண்பரிடமே கொடுத்து, எண்களை உரக்கப் படிக்கச் சொன்னோம். ஒரு 7ஐ அவர் 1 என்று படித்தார். அந்தத் தாளை மறுபடியும் எழுதினோம்.